துவைத்த துணிக்குள் கிடைத்தது

அத்தியாயம் 9

மூன்று பேர் இருந்த வீட்டில் காலை ஏழு மணிக்குக் குக்கர் மட்டும்தான் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் மாலை நடந்தது இதுதான். வாஷிங் மெஷினிலிருந்து துணிகளை அள்ளிய அம்மாவின் கையில் ஏதோ தட்டுப்பட்டது. விரல் நீளம், ஊதா நிறம். முதலில் பென்டிரைவ் என்றுதான் நினைத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். அத்தனை சோப்புத் தண்ணீரையும் தாண்டித் திராட்சை வாசனை அடித்தது. அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில், கூட லென்ஸ் வெட்டும் பெண்மணி போன மாதம் தன் மகனைப் பற்றிச் சொல்லி அழுதபோது இதைத்தான் சொன்னாள். வேப், பேட்டரியில் ஓடுற சிகரெட். பழ வாசனை வரும், கண்டுபிடிக்கவே முடியாது.

முழங்கை வரை ஈரம் சொட்ட, துணிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அம்மா கூடத்துக்கு வந்தாள். "இது யாரோடது?"

சுண்டு நிமிர்ந்து பார்த்தாள். மூடிய விரல்களுக்கு வெளியே ஒரு கறுப்பு நுனிதான் தெரிந்தது. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"என்னோடதுதாம்மா."

அம்மா அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை. ஈரத்துணிக் கூடையின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் வேலை முடிந்து வந்து, ஷூக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்திருந்த அப்பா, நிமிரவே இல்லை.

அழுகையும் சத்தியமும் முடிந்து சுண்டு தன் அறைக்குப் போனாள். பள்ளிப் பையின் உள்ஜிப்பைத் திறந்து, நாப்கின் வைக்கும் சின்னப் பையை வெளியே எடுத்தாள். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள் என்பதால் அதுதான் அவளுடைய லாக்கர். திறந்தாள்.

அவளுடைய வேப் உள்ளேயே இருந்தது. பச்சை நிறம், தர்பூசணி வாசனை. அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அப்படியானால் மெஷினில் துவைபட்டது யாருடையது?

பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாள் என்று வைத்த பெயர். இப்போது பதினாறு வயது, பதினோராம் வகுப்பு, அம்மாவைவிட நான்கு விரற்கடை உயரம். பெயர் மட்டும் வளரவில்லை. தான் செய்த தப்பு வேறு, மாட்டிக்கொண்ட தப்பு வேறு என்பதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் புரண்டு புரண்டு படுத்து, விடிந்ததும் சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடு."

"பசிக்கலம்மா."

"எப்படிப் பசிக்கும்? அதான் புகையே வயித்தை ரொப்பிடுதே."

அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. ஊதாக் குழலை ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீட்டிலிருந்தால் அது நடந்து போய் மகளிடம் சேர்ந்துவிடும் என்று பயந்தவள் மாதிரி.

"ஸ்கூலுக்கு ஃபோன் பண்ணிட்டேன். பதினோரு மணிக்குக் கவுன்சிலர் மிஸ் கூப்பிடுவாங்க. கேட்டதுக்கெல்லாம் உண்மையைச் சொல்லு."

"ம்."

"சாயங்காலம் தனியா வீட்டுக்கு வர வேணாம். அப்பா வேலை பாக்கற இடத்துக்குப் போ. அவரோட சேர்ந்து வா."

அப்பாவின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. "அங்கயா? அங்க ஒரே கிரீஸும் தூசியும். புள்ளை எங்க உக்காரும்?"

"படியில உக்காரட்டும். கெட்டுப் போயிட மாட்டா, இதுக்கு மேல." அம்மா டிபன் பாக்ஸை அழுத்தி மூடினாள். "உங்க அப்பாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கோடி. ஒரு நாளைக்கு பத்து சிகரெட் குடிச்ச மனுஷன். உன் ஆறாவது பொறந்தநாள் அன்னைக்குத் தூக்கிப் போட்டாரு. பத்து வருஷமாச்சு, இன்னி வரைக்கும் தொட்டதில்ல. அந்த வைராக்கியத்துல கால்வாசி உனக்கு இருக்கக் கூடாதா?"

அப்பா டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்போது மகள் தலையில் கை வைக்கப் போனவர், ஏனோ கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

*

பஸ்ஸில் உட்கார்ந்ததும் சுண்டு அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். அவன் கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வீட்டுக்கு வந்து போனவன். அவளுடைய சந்தேகம் எல்லாம் அந்த மூட்டை மேல்தான்.

"அண்ணா, உண்மையைச் சொல்லு. நீ வேப் அடிக்கிறியா?"

"யாரு பேசறது?" கொட்டாவிக்கு நடுவில் குரல் வந்தது.

"விளையாடாத. மெஷின்ல ஒண்ணு கிடைச்சிருக்கு. உன் துணியோடதான் வந்திருக்கணும்."

"என் துணியெல்லாம் திங்கட்கிழமையே துவைச்சுக் கூரியர்ல வந்தாச்சு. இன்னிக்கு வெள்ளி. அதுவும் இல்லாம, நானே இன்ஹேலரை இடுப்புல கட்டிக்கிட்டு மாடிப்படி ஏற யோசிக்கறவன். ஒரு ஊதல் எனக்குப் போதும்டி, இன்னொண்ணு எதுக்கு?"

அதுவும் சரிதான். அவள் ஃபோனை வைக்கப் போனாள்.

"சுண்டு."

"என்ன?"

"உன்னோடது தர்பூசணிதானே?"

பஸ்ஸின் சத்தம் எல்லாம் எங்கோ போய்விட்டது. "உனக்கு… எப்படி?"

"நீ பாத்ரூம்லேர்ந்து வெளிய வந்ததும் நான் உள்ள போனா எனக்கு இழுக்க ஆரம்பிச்சுடும். போன தடவையும் அப்படித்தான், அதுக்கு முந்தின தடவையும் அப்படித்தான். யாருக்கும் தெரியாதுன்னு நீ நினைச்சுட்டிருக்க. என் நெஞ்சுக்குத் தெரியும்டி."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்." அவன் ஒருமுறை இருமினான். "சரி, வை. எனக்கு கிளாஸ் இருக்கு."

அந்த நிமிஷம் பையிலிருந்து அதை எடுத்து ஜன்னல் வழியாக விட்டெறிந்துவிட வேண்டும் போல இருந்தது. நிஜமாகவே ஜிப்பில் கை வைத்துவிட்டாள். அண்ணன் இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். தூசி என்று அம்மா திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் துவைத்தாள். அப்போது சுண்டுவும்தான் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு உதவினாள்.

மூன்று நிறுத்தங்கள் போயின. எறிய வேண்டும் என்ற வேகம் போய்விட்டது. நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்ட அந்தக் குற்ற உணர்ச்சியைச் சமாளிக்க ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் தேவலை என்றிருந்தது. இது என்ன மாதிரி மூளை என்று அவளுக்கே புரியவில்லை.

*

கவுன்சிலர் மிஸ்ஸின் அறை முன்பு விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையாக இருந்தது. ஒரு மூலையில் இன்னும் வாலிபால் வலை சுருட்டிக் கிடந்தது. மிஸ்ஸுக்குக் கடும் ஜலதோஷம். மேஜை மேல் கசங்கிய டிஷ்யூக்கள்.

"உன்னைப் பாத்து நான் அழறேன்னு நினைச்சுடாத. மூக்குதான் ஒழுகுது." டிஷ்யூவால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நுரையீரல் படம் காட்டப் போறேன்னு நினைச்சியா?"

"ஆமா மிஸ்."

"அந்தப் படத்தை நீ என்னைவிட அதிகமாப் பாத்திருப்ப. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். விடணும்ங்கிற ஆசை உனக்குப் பத்துக்கு எத்தனை மார்க் இருக்கு?"

அம்மா முன்னால் கேட்டிருந்தால் பத்து என்று சொல்லியிருப்பாள். பஸ்ஸில் அண்ணனிடம் பேசியபோது ஒன்பது. இப்போது?

"நாலு மிஸ்."

ஏன் பத்து இல்லை என்று கேட்கப் போகிறார் என்று அவள் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"ஏன் ரெண்டு இல்ல?"

வலையைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்று தானாக வாயில் வந்தது.

"போன வாரம் ஃபிசிக்ஸ் பரீட்சை மிஸ். கடைசி ரெண்டு கேள்வியும் எனக்கு நல்லாத் தெரியும். இருபது நிமிஷம் பாக்கி இருந்துச்சு. ஆனா உக்கார முடியல. கையெல்லாம் பரபரன்னு… பேப்பரைக் குடுத்துட்டு வெளிய வந்துட்டேன். நேரா பாத்ரூம்." அவள் விரல் நகத்தைச் சுரண்டினாள். "எனக்கு ஃபிசிக்ஸ் பிடிக்கும் மிஸ்."

மிஸ் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஒரு தும்மலை அடக்கிக்கொண்டு, "யாருக்காக விடணும்னு தோணுது?" என்றார்.

"தெரியல. அம்மா அழும்போது விடணும்னுதான் இருக்கு. ஆனா அம்மா அழுததும் எனக்கு அதுதான் முதல்ல வேணும்."

"ம். அம்மா அதை எடுத்து வச்சுட்டாங்களாமே. இப்ப உங்கிட்ட வேற எதுவும் இல்லையே?"

பை மடியிலேயே இருந்தது. உள்ஜிப் அவள் கைக்கு நேர் கீழே.

"இல்ல மிஸ்."

வெளியே வந்து, வகுப்புக்குப் போகிற வழியில், கழிவறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இத்தனை உண்மையைப் பேசியதற்கே இரண்டு இழுப்பு தேவைப்பட்டது.

*

மதியம், மைதானத்து மரத்தடியில், குதிரைவால் தன் டிபனை நீட்டினாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே மாதிரி குதிரைவால் ஜடை போடுவதால் வந்த பெயர். எட்டு மாதத்துக்கு முன்னால் சுண்டுவின் கையில் முதல் வேப்பைக் கொடுத்ததும் இந்தக் குதிரைவால்தான்.

"வாடி, பின்பக்கம் போலாம்," என்றாள் சுண்டு.

"நான் வரல. விட்டுட்டேன்."

"என்னத்த விட்ட?"

"அதைத்தான். பன்னெண்டு நாளாச்சு."

சுண்டுவுக்குக் கோபம் வந்தது. பள்ளத்தில் தள்ளிவிட்டவள் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி. "எங்கிட்ட சொல்லவே இல்லையேடி!"

"சொன்னா நீ சிரிப்ப. இது நாலாவது தடவை." குதிரைவால் விரலை மடக்கினாள். "முதல் தடவை முகத்துல பரு வந்துச்சுன்னு விட்டேன். பரு போச்சு, திரும்ப ஆரம்பிச்சேன். ரெண்டாவது தடவை அம்மாவுக்காக. அம்மாவோட சண்டை வந்துச்சு, அவங்களுக்காக நான் எதுக்கு விடணும்னு ஆரம்பிச்சேன். மூணாவது ஓட்டப் பந்தயத்துக்கு. தோத்துட்டேன். அதனால…"

"இப்ப எதுக்கு?"

"அதான் தெரியல. காரணமே இல்ல. ஒருநாள் வீட்டுல மறந்து வச்சுட்டு வந்தேன், போய் எடுக்கணும்னு சோம்பலா இருந்துச்சு. அப்படியே ஓடுது." அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "நேத்து தங்கச்சியோட பென்சிலை எல்லாம் கடிச்சு வச்சுட்டேன். அவ அழறா."

"நாளைக்கு ஆரம்பிச்சுடுவியா?"

"அதையெல்லாம் எங்கிட்ட கேக்காத. நானே என்கிட்ட கேக்கறதில்ல."

நுரையீரல், அம்மா, பரீட்சை, அண்ணன் என்று சுண்டு காலையிலிருந்து காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவளானால் காரணமே இல்லாமல் பன்னிரண்டு நாளைத் தாண்டியிருக்கிறாள். இதில் எது சரி? யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது? மணி அடித்துவிட்டது.

*

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இந்த வாரம் அவருக்கு வேலை ஓர் ஆறு மாடி அலுவலகக் கட்டடத்தில். கீழே லிஃப்ட் கதவில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று அட்டை தொங்கியது.

"மெக்கானிக் மேல மெஷின் ரூம்ல இருக்காரும்மா. படியேறித்தான் போகணும்," என்றார் காவலாளி.

மூன்றாவது மாடி வரை ஒன்றும் தெரியவில்லை. நான்காவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. கை நிறையக் கோப்புகளோடு அம்மா வயதுப் பெண்மணி ஒருவர் அவளைத் தாண்டி விறுவிறுவென்று மேலே போனார். போகிற போக்கில், "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டக்கூட அவளுக்கு மூச்சு போதவில்லை.

ஆறாவது மாடிக்கும் மேலே ஒரு குறுகலான படி. அதன் முடிவில் இரும்புக் கதவு, பாதி திறந்திருந்தது. கிரீஸ் நாற்றம். சூடான இரும்பின் நாற்றம். இரண்டுக்கும் நடுவில், அங்கே இருக்கவே கூடாத ஒரு வாசனை.

திராட்சை.

சுண்டு கதவைத் தள்ளினாள். பெரிய மோட்டாருக்குப் பக்கத்தில் கருவிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன் மேல் அப்பா முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் வெள்ளையாக ஒரு சின்ன மேகம் கலைந்துகொண்டிருந்தது.

"அப்பா."

அவர் கை மட்டும் அசைந்தது. கட்டை விரலை உள்ளே மடக்கி, உள்ளங்கையால் மூடி, பாக்கெட்டுக்குள் விட்டு, அதே நேரத்தில் மறு கையால் மூக்கைத் துடைத்தார். அவளும் அப்படித்தான் ஒளிப்பாள். அதைத் தான்தான் கண்டுபிடித்ததாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ நாலரைக்கு மேலதானே வருவேன்னு…"

"மணி நாலே முக்கால்பா."

மோட்டார் ஓடவில்லை. சுண்டு உள்ளே நாலடி வைத்தாள்.

"நேத்து மெஷின்ல கிடைச்சது…"

"என் வேலை பேண்ட்டுல இருந்தது. எடுக்க மறந்துட்டேன்." அப்பா எழுந்து நிற்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார். "நீ ஏன் உன்னோடதுன்னு சொன்னேன்னு நானும் நேத்திலேர்ந்து யோசிக்கறேன் சுண்டு. அப்பாவைக் காப்பாத்தறதுக்கா? அப்படின்னா உனக்கு எப்படித் தெரிஞ்சுது? ஒண்ணும் விளங்கல. வாயைத் திறந்து கேக்கவும் துப்பில்ல. புள்ளை தலையில பழியைப் போட்டுட்டுக் குனிஞ்சு ஷூவை அவுத்துட்டு இருந்தேன்."

ஆமாம் அப்பா, உங்களுக்காகத்தான் என்று சொல்லிவிட்டால் என்ன? ஒரு கணம் அப்படித் தோன்றியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. பையின் உள்ஜிப்பைத் திறந்து, பச்சை நிற வேப்பை எடுத்துக் காட்டினாள்.

"நான் யாரையும் காப்பாத்தலப்பா. அது என்னோடதுன்னு நினைச்சுத்தான் ஒத்துக்கிட்டேன்."

அப்பா துள்ளி எழுந்தார். "எப்பலேர்ந்து? யார் குடுத்தது உனக்கு? அறிவிருக்கா…" குரல் உச்சத்துக்குப் போய், அங்கேயே அறுந்தது. தன் பாக்கெட்டின் மேலேயே அவர் கை இருந்தது. மெல்ல உட்கார்ந்தார்.

"எட்டு மாசம்பா. நீங்க?"

"ரெண்டு வருஷம்." அவர் மோட்டாரைப் பார்த்துப் பேசினார். "ஒரு லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு. உள்ள அஞ்சு வயசுக் குழந்தை, தனியா. நாலு மணி நேரம். அது அழுதுட்டே இருந்தது. அப்புறம் அழறதை நிறுத்திடுச்சு. அதுதான் இன்னும் பயம். நல்லபடியா வெளிய எடுத்துட்டோம். எடுத்தப்புறம் என் கை நடுங்குச்சு பாரு, ஸ்பேனரைப் பிடிக்க முடியல. கூட வேலை பாக்கறவன் இதை நீட்டினான். சிகரெட் இல்லண்ணே, வெறும் ஆவிதான்னான்."

"விட முடியலையா?"

"தினமும் காலையில விடறேன். பத்து மணிக்குள்ள திரும்ப வாங்கிடறேன்." சிரிக்கப் பார்த்தார். "இன்னிக்கும்தான். உன் அழுத முகத்தைப் பாத்துட்டுக் கிளம்பினேன். சத்தியமா இதோட சரின்னு நினைச்சேன். பத்து மணிக்குக் கடை வாசல்ல நிக்கறேன்."

சுண்டு தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, தான் தனி இல்லை என்று. நிம்மதிக்குப் பின்னாலேயே பயம். அப்பாவைப் போல நாற்பத்தெட்டு வயதில் தானும் ஏதோ ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, யாரோ படியேறி வரும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்போமா? அப்பாவாலேயே முடியவில்லை என்றால் நம்மால் எப்படி முடியும்? அல்லது, இப்போதே முடியாவிட்டால் அப்புறம் எப்படி முடியும்? இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. எந்தக் கேள்வி சரியான கேள்வி என்று தெரியவில்லை.

"உனக்கு விடணும்னு இருக்கா?" அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"காலையிலேர்ந்து பத்து தடவை இருந்துச்சு. பத்து தடவையும் போயிடுச்சு."

"எனக்கும் அதே கதைதான்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக இருவருமே வெட்கப்பட்டார்கள். அப்பா கையை நீட்டினார்.

"குடு அதை."

"உங்களோடதை முதல்ல குடுங்க." அவளும் கை நீட்டினாள்.

"நான் உன் அப்பாடி."

"தெரியும்பா."

நீட்டிய கைகள் நீட்டியபடியே நின்றன. அவரும் கொடுக்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. கீழேயிருந்து காவலாளி, "மெக்கானிக்கு! அஞ்சரைக்கு ஆஃபீஸ் விட்டுடுவாங்க, லிஃப்ட் ஓடுமா ஓடாதா?" என்று கத்தினார்.

அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். "அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன். என்னோடதை மட்டும்தான் சொல்வேன். உன்னோடதை நீ சொல்றதா இருந்தா சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

அரை மணி நேரத்தில் லிஃப்ட் சரியாகிவிட்டது. அப்பாவும் மகளும் அதிலேயே கீழே இறங்கினார்கள். இரண்டு பேர் கையும் அவரவர் பாக்கெட்டில் இருந்தது.

*

அம்மா கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். ஏழு மணிக்கெல்லாம் மூன்று தட்டு வைத்தாயிற்று. காலையைவிட அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"கவுன்சிலர் மிஸ் பேசினாங்க. பொண்ணு மனசு விட்டுப் பேசறா, பயப்படாதீங்கன்னாங்க. திங்கட்கிழமை நம்ம ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காங்க. லீவு சொல்லிடுங்க."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்," என்றார் அப்பா. தட்டைத் தள்ளி வைத்தார். "நேத்து கிடைச்சது சுண்டுவோடது இல்ல. என்னோடது."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு பரிதாபமாகச் சிரித்தாள். "செல்லம் குடுக்கறதுக்கும் ஒரு அளவு இருக்குங்க. பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டா அவ திருந்திடுவாளா?"

அப்பா பாக்கெட்டிலிருந்து புதியதை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதே ஊதா. ஸ்டிக்கர்கூட இன்னும் முழுசாகப் பிரியவில்லை. அம்மா அதை எடுக்கவில்லை. குனிந்து முகர்ந்தாள். லென்ஸில் ஒரு கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற அதே கவனத்தோடு, கணவரின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷம்." திருப்பிச் சொன்னாள், வேற்று ஆள் பேச்சைச் சொல்கிற மாதிரி. "இன்னிக்குக் காலையிலகூட உங்களைப் பத்திப் பெருமையாப் பேசினேனேங்க. டீ குடிச்சுட்டே கேட்டுட்டு இருந்தீங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா அவரை விட்டுவிட்டாள். மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று புரிய ஆரம்பித்ததைச் சுண்டு பார்த்தாள். புரிந்தது தப்பு என்பதையும் பார்த்தாள்.

"அப்போ… அப்பாவைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் உன்னோடதுன்னு சொன்னியா?"

சுண்டு வாயைத் திறந்தாள்.

"எனக்குத் தெரியும்டி! என் பொண்ணு இதைத் தொட மாட்டாள்னு மனசுக்குள்ள ஒண்ணு சொல்லிட்டே இருந்தது. அதைக் கேக்காம உன்னைப் போட்டு என்னென்ன பேசிட்டேன். ஸ்கூல் வரைக்கும் சொல்லி மானத்தை வாங்கிட்டேனே." அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். உட்கார்ந்திருந்த மகளை அப்படியே வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "மன்னிச்சுடுடி கண்ணு. அம்மா முட்டாள்."

அவள் அழுதாள். நேற்று அழுத அழுகை இல்லை இது.

அம்மாவின் கைக்கு அடியில் கிடைத்த இடைவெளியில் சுண்டு அப்பாவைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டுக் கொடுக்கப் போவதில்லை என்று அந்தப் பார்வை சொன்னது. வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல் என்றோ சொல்லாதே என்றோ அதில் எழுதியிருக்கவில்லை. பிறகு அவர் தட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். திங்கட்கிழமை அம்மாவே பள்ளிக்குப் போய், என் மகள் நல்லவள் என்று சொல்லிவிட்டு வருவாள். மிஸ்ஸிடம் சொன்னதைக்கூட அப்பாவுக்காகச் சொன்னேன் என்று சமாளித்துவிடலாம். அப்புறம் மெதுவாக, யாருக்கும் தெரியாமல், இரண்டு வாரத்தில் தானாகவே விட்டுவிடலாம். யாருக்கும் வலிக்காது. அம்மாவுக்கு ஒரு நாளில் ஓர் அடி போதாதா? இரண்டாவதையும் அவள் தாங்குவாளா?

இத்தனை நியாயங்களும் வரிசையாக, தாமாகவே, வழுக்கிக்கொண்டு வந்தன. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடும்போதும் இப்படித்தான் வரும். ஒவ்வொரு முறையும் இதே வேகத்தில், இதே நல்ல பிள்ளை முகத்தோடு.

அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி, ஒரே சீராக, மெதுவாக.

"அம்மா, எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு."

வாய்விட்டுச் சொன்னோமா, மனசுக்குள் சொன்னோமா என்று சுண்டுவுக்குச் சரியாகத் தெரியவில்லை.

முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.